அக்காவின் குழந்தைக்காக நான் படுத்திருந்த நாட்கள்

என் வயிற்றில் குழந்தை இல்லை. ஆனால் அந்த ஆடி மாதத்தில் என்னைப் பார்த்தவர்கள் ஆறு மாதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மருத்துவமனை லிஃப்ட்டில் ஒரு பெரியவர் எனக்காக ஒதுங்கி நின்று, "பாத்து ஏறும்மா" என்றார். நான் தலையாட்டினேன். விளக்கம் சொல்ல மூச்சும் இல்லை, சொல்வதற்கு அனுமதியும் இல்லை.

அதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, உடம்பும் தேறிவிட்டது. எங்கள் சபையில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணும், அவளுக்கு உதவ முன்வந்திருக்கும் அவளுடைய சித்தி மகளும் என்னிடம் வந்து எல்லாவற்றையும் விசாரித்தார்கள். வாயால் சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கத்தில் வீடு. கணவர் டேவிட் டிரங்க் ரோட்டோரம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறை வைத்திருந்தார். ஒரு மகன், ஒரு மகள், இருவரும் பள்ளியில். லில்லி என் ஒரே அக்கா, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அத்தானுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அம்மா போனபோது நான் சின்னவள். எனக்குத் தலை பின்னிவிட்டதும், பெரியவளானபோது துணி மடித்துக் கொடுத்ததும், என் கல்யாணத்தில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும் அக்காதான்.

அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. நான்கு முறை உண்டாகி நான்கும் கலைந்தன. பிறகு உண்டாவதே நின்றது. நாற்பத்து மூன்று வயதில், நகரத்துக்குள் புதிதாக இந்தச் சிகிச்சை செய்யும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா எதையும் மூடி மறைக்காமல் பேசினார். "பொம்பளைங்க பிறக்கும்போதே முட்டைகளோடதான் பிறக்கிறாங்க. அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் உருவாகாது. உங்களுக்கு நாப்பத்து மூணுன்னா உங்க முட்டைக்கும் நாப்பத்து மூணு. அதான் கலைஞ்சு கலைஞ்சு போகுது. கர்ப்பப்பை அப்படி இல்ல. சின்ன வயசுக்காரங்க முட்டை கிடைச்சா, அது இப்பவும் சுமக்கும்."

"சுமக்கிறதுல எனக்கு ஆபத்து இருக்கா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு. முட்டைதான் சின்ன வயசு. இதயம், ரத்தக் குழாய், சிறுநீரகம் எல்லாம் உங்க வயசுதானே. பிரஷர் ஏறலாம், சர்க்கரை வரலாம், குழந்தை நாளுக்கு முன்னாடியே பிறக்கலாம். நாங்க பக்கத்துல இருந்து பாத்துக்குவோம். ஆனா ஒண்ணும் வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, முட்டை கொடுப்பவருக்கும் ஒரு ஆபத்து உண்டு என்றார். ஊசி மருந்துக்குச் சிலருடைய சினைப்பைகள் அளவுக்கு மீறி வேலை செய்துவிடும், வயிற்றில் நீர் கோக்கும், பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும், கடுமையாவது அபூர்வம் என்றார். அபூர்வம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது.

அக்கா என்னைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், நானாகத்தான் சொன்னேன். "வெளியில யார்கிட்டயும் வாங்க வேணாம்க்கா. நான் தரேன்." அவள் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்பத்தூர் தாண்டிய பிறகுதான் பேசினாள். "யாருக்கும் தெரியக் கூடாது கிரேஸ். பிறக்கிறது என் குழந்தைன்னுதான் எல்லாரும் நினைக்கணும். உன் மாமியாருக்குக்கூடத் தெரியக் கூடாது."

சரி என்றேன். அந்த ஒரு சொல் பின்னால் எவ்வளவு கனக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டேவிட்டிடம் மட்டும் சொன்னேன். அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது. கையிலிருந்த கிரீசைத் துணியில் துடைத்தபடி கேட்டார். "உனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு எழுதிக் குடுப்பாங்களா?"

"அப்படி யாரும் எழுதித் தர மாட்டாங்க."

"அப்போ நம்மகிட்ட மட்டும் இன்னாத்துக்குக் கையெழுத்து கேக்குறாங்க?" என்றார். ஆனால் போட்டார்.

தினமும் ஒரு ஊசி. சாதாரணமாக மாதத்துக்கு ஒரு முட்டை பழுக்கும். இந்த ஊசியால் ஒரே சமயத்தில் பல பழுக்கும். ஸ்கேன் திரையில் என் சினைப்பைகள் திராட்சைக் கொத்துகளைப் போலத் தெரிந்தன. டாக்டரம்மா மருந்தின் அளவைக் குறைத்தார். முட்டை எடுத்த அன்று மயக்கம் கொடுத்தார்கள், வலி தெரியவில்லை. அத்தானின் விந்தோடு சேர்த்துக் கண்ணாடித் தட்டில் கரு வளர்த்து, இரண்டு நாள் கழித்து மூன்று கருக்களை அக்காவின் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை நாள் வரை எழுந்து நடமாடக் கூடாது, மனம் அதிரும்படி எதுவும் கேட்கக் கூடாது என்று சொல்லி அவளை ஆவடிக்கு அனுப்பினார்கள். இப்போது அவ்வளவு படுக்கை தேவையில்லை என்கிறார்கள். அப்போது அதுதான் வழக்கம். அக்கம்பக்கத்தாரிடம் அவளுக்கு முதுகு வலி என்று சொல்லி வைத்தார்கள்.

எனக்குப் பாவாடை நாடா எட்டாமல் போனது அதற்கு மறுநாள். முதலில் வாயு என்று நினைத்தேன். அன்று மாலை குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. தாகம் மட்டும் அடங்கவில்லை. அடுத்த நாள் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன். டேவிட் பட்டறைக்கு வந்திருந்த ஒரு வேனில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். புறப்படும்போது மாமியார் கேட்டதற்கு, "கர்ப்பப்பையில கட்டியாம்" என்றார். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்த பொய் அது. அவர் அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்தது என்ன என்று டாக்டரம்மா படுக்கையருகே நின்று விளக்கினார். வீங்கிய சினைப்பைகளிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகிறது. ரத்தத்தில் ஓட வேண்டிய நீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்குகிறது. அதனால்தான் வயிறு நிறைய நீர் இருந்தும் நாக்கு வறள்கிறது, சிறுநீர் இறங்குவதில்லை. ரத்தம் கெட்டியாகிவிடும், காலில் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "நீ கர்ப்பமா இல்லாதது நல்லது. கர்ப்பமானா இது நீளும். உனக்குத் தானா வடியும். அதுவரைக்கும் நாங்க உன்னைத் தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

காலையில் நாடாவால் வயிற்றை அளப்பார்கள். எடை பார்ப்பார்கள். குடித்த நீரையும் கழித்த நீரையும் அளந்து குறிப்பார்கள். நர்ஸ்கள் குனிந்து என் வயிற்றிடம் பேசுவதுபோல் இருக்கும். நான் வயிற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தேன்.

அது இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் விருகம்பாக்கத்திலிருந்து வந்த பத்மா அம்மா. நாற்பத்தாறு வயது, ஏழு மாத கர்ப்பம். கால்கள் வீங்கி, மெட்டி கழற்ற முடியாமல் வெட்டி எடுத்திருந்தார்கள். பிரஷர் ஏறியதால் சேர்த்திருந்தார்கள். முதல் நாளே என்னைக் கேட்டார். "உனக்கு எத்தனை மாசம்மா?"

"மாசம் இல்லைங்க. வயித்துல நீர் கோத்திருக்கு."

"ஐயோ பாவம்" என்றார். அப்புறம் அவருடைய வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் ஒரு தம்ளர் எனக்கும் வந்தது. அளவு பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்பதால் நர்ஸிடம் கேட்டுவிட்டே கொடுப்பார்.

ஒரு பிற்பகல் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன. இது என் முட்டை இல்லம்மா. யாரோ ஒரு பொண்ணு கொடுத்தது. யாருன்னு சொல்ல மாட்டாங்க. அவ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு தினமும் கும்பிட்டுட்டுத்தான் படுக்கிறேன்."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கொடுத்தவர்களில் ஒருத்திதான் இங்கே கிடக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தோம் இருவரும். "நல்லாத்தான் இருப்பாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவின் தலையணையருகே யார் இருக்கிறார்கள், அவள் சாப்பிட்டாளா என்றெல்லாம் அங்கிருந்தே நான் கவலைப்பட்டேன். கூடவே வேறொன்றும் இருந்தது. அவள் ஏன் ஒரு வார்த்தைகூட விசாரித்து அனுப்பவில்லை என்ற எண்ணம். வேலை முடிந்து அத்தான் ஒரு நாள் வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு கதவோரமாகவே நின்றார்.

"நீ இப்படி இருக்கேன்னு அவகிட்ட சொல்லலம்மா. டாக்டர் அதிர்ச்சியே கூடாதுன்னுட்டாங்க. நீ நல்லா இருக்கே, பிள்ளைங்களுக்குப் பரீட்சைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்லாதீங்க அத்தான். அவ படுத்தே இருக்கட்டும்."

அவர் பாட்டிலை வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டு போனார். சொல்லாதீர்கள் என்று நான் மனதாரத்தான் சொன்னேன். இருந்தும் அவர் போன பிறகு அந்த அறை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. இருப்பவர்களில் என்னை நன்றாக அறிந்தவள் ஒருத்தி. அவளுக்கு நான் இங்கிருப்பது தெரியாது.

பூந்தமல்லி சபையிலிருந்து போதகரின் மனைவியான ஆயரம்மாவும் இரண்டு சகோதரிகளும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். கட்டி கரைய வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார்கள். இல்லாத கட்டிக்காக அவர்கள் கண்ணீர் விட, நான் ஆமென் சொன்னேன். ஜெபத்திலும் பொய் சொல்லிவிட்டேனே என்று அவர்கள் போன பிறகு அழுதேன். அழுதாலும் மூச்சு வாங்கியது.

நீர் எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே பக்கவாட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி ஒரு குழாயைச் செருகினார்கள். இளம் மஞ்சள் நிறத்தில் நீர் பாட்டில்களில் இறங்கியது. மார்பின் மேல் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல் இருந்தது. ரத்தத்தில் நீரைப் பிடித்துவைக்க ஒரு புரத மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். அதன் விலையைக் கேட்டு டேவிட் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "அது உங்க அத்தான் பாத்துக்குவாரு, நீ அத்த நெனைக்காத" என்றார். இரண்டே நாளில் வயிறு மறுபடி நிறைந்தது.

மறுபடி நிறைந்த அந்தப் பிற்பகல்தான் நான் பயந்தது. திடீரென்று காற்று உள்ளே போக மறுத்தது. பேச வாயெடுத்தால் சத்தம் வரவில்லை. பத்மா அம்மாதான் அழைப்பு மணியை விடாமல் அழுத்தினார். ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசியது எனக்குக் கேட்டது. படம் எடுத்துப் பார்த்ததில் அப்படி இல்லை. நுரையீரலைச் சுற்றியும் நீர் சேர்ந்திருந்தது. அதை எடுத்தார்கள்.

அப்போது நான் நினைத்தது குழந்தையைப் பற்றியோ அக்காவைப் பற்றியோ அல்ல. நான் இப்போது போய்விட்டால், எதனால் போனேன் என்றுகூட என் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றே நினைத்துக்கொண்டு வளர்வார்கள்.

டேவிட் அன்று பட்டறையை மூடிவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தார். "உங்க அக்காவாண்ட போயி நான் சொல்லிட்டு வரேன்."

"வேண்டாங்க."

"அவங்கள பாத்துக்க ஊரே கீது. உனுக்கு யாரு கீறா, சொல்லு."

"நீங்க இருக்கீங்கல்ல."

அவர் சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையைச் சீவ முயன்றார். ஸ்பேனர் பிடிக்கும் கை. ஒவ்வொரு இழுப்புக்கும் உயிர் போனது. நான் தடுக்கவில்லை. மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். சின்னப் பிள்ளைகளை மேலே விட மாட்டார்கள். தெருவில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி என் ஜன்னலைக் காட்டினார். மகள் வேறொரு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினாள். நான் இங்கிருந்து ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிவரை அவள் பார்வை என் ஜன்னலுக்கு வரவில்லை.

அதற்குள் பத்மா அம்மாவுக்குத் தலைவலி கூடி, கண் மங்குவதாகச் சொன்னார். அப்படி வந்தால் வலிப்பு வரப்போகிறது என்று அர்த்தமாம். குழந்தையை வெளியே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். பத்து நிமிடத்தில் தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள். மூக்குக் கண்ணாடியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நர்ஸ் வந்து சொன்னாள்: ஆண் குழந்தை, உள்ளங்கையில் அடங்கும் அளவு, கண்ணாடிப் பெட்டியில் மூச்சு விடுகிறது, தாய் தீவிர சிகிச்சையில், ஆனால் நினைவு திரும்பிவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த வைத்தியத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அது கொடுத்ததை என் காதால் கேட்டேன். கேட்கும்போது, அதற்கு அவர் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டியிருந்தது என்பதும் தெரிந்திருந்தது.

பத்மா அம்மாவின் கட்டிலுக்குப் புதிதாக யாரும் வரவில்லை. மெல்ல மெல்ல எனக்குச் சிறுநீர் கூடியது, வயிற்றின் அளவு குறையத் தொடங்கியது. தேறுகிற நாட்கள்தான் ரொம்பத் தனிமை. உயிருக்குப் பயந்தபோது அறைக்குள் யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் காலை, கஞ்சித் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் அக்கா நின்றிருந்தாள். காட்டன் புடவை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஆவடியிலிருந்து ரயிலில் வந்து, பஸ் மாறி, மாடி ஏறி வந்திருக்கிறாள். செருப்பில் சேறு.

அத்தனை நாளும் அவள் வர மாட்டாளா என்று ஏங்கியவள் நான். ஆனால் அவள் எழுந்து நடந்து வந்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "ஏன்க்கா எழுந்து வந்தே?" என்றேன், தெரிந்தும்.

"தங்கலடி" என்றாள். "நேத்து காலையில துணியில பட்டுடுச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ணியும் பாத்தாச்சு. அப்புறந்தான் அவர் உன்னைப் பத்திச் சொன்னார்."

கட்டிலில் உட்கார்ந்து என் வயிற்றின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள். "இப்படியா வீங்கியிருந்துது?"

"இதைவிட ஜாஸ்தி. இப்ப வத்திடுச்சு."

"நான் மல்லாந்து படுத்துக்கிட்டு, பையனா பொண்ணான்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். நீ இங்க மூச்சு விட முடியாமக் கிடந்திருக்கே."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

"எல்லாரும் யாருக்காவது எதையாவது தெரியக் கூடாதுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள்.

டாக்டரம்மா வந்தபோது அக்காவிடம், வேறு ஒருவரிடம் முட்டை வாங்கி இன்னொரு முறை செய்து பார்க்கலாம், கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தத் தங்கை மறுபடி கொடுக்கக் கூடாது என்றார். அக்கா, "வேறொருத்தின்னா அவளும் யாரோ ஒருத்தர் தங்கச்சிதானே டாக்டர்" என்றாள். டாக்டரம்மா, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று பொறுமையாக மறுபடி விளக்கினார். அது உண்மையும்கூட. அக்கா கேட்டுக்கொண்டாள். ஆனால் அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை. அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். களைத்துப் போய்விட்டேன், அவ்வளவுதான் என்பாள்.

என்னை அனுப்பும்போது, ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். பாரிவாக்கத்தில் தண்ணீர் கைப்பம்பில் அடித்துச் சுமக்க வேண்டும். கட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாமியாரிடம் ஒரு மாத ஓய்வு கேட்பது எப்படி என்று நான் யோசிப்பதற்குள், அக்கா டேவிட்டிடம் சொல்லி என்னை ஆவடிக்குக் கூட்டிப்போய்விட்டாள். பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். அவள் எனக்குப் பூண்டுக் கஞ்சி வைத்தாள், காலுக்கு வெந்நீர் ஊற்றினாள். சமையலறையில் தனியாக இருக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தப் பக்கம் நான் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போனால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். அழட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சரோஜா அக்கா முருங்கைக்கீரையைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேலூர்க்காரர். அவருடைய வீட்டுக்காரரும் அத்தானோடு வேலை செய்பவர். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி. கீரையை உருவிக்கொண்டே கேட்டார். "தங்கச்சிக்கு வயித்துல கட்டின்னாங்களே லில்லி. எடுத்துட்டாங்களா?"

நான் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"கட்டி இல்ல சரோஜாக்கா. எனக்கு முதுகு வலின்னு சொன்னதும் பொய்தான். எனக்குக் குழந்தை வேணும்னு இவ தன்னோட முட்டையை எனக்குக் கொடுத்தா. அதுக்குப் போட்ட ஊசியில இவ சாகக் கிடந்து வந்திருக்கா. எனக்கும் தங்கல."

 காய்கறிக் கடைக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்தாள். உள்ளே என் பிள்ளைகள் ரேடியோவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரோஜா அக்கா கீரை உருவுவதை நிறுத்தினார். அவர் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.  அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டார். அத்தனை நாளில் வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் என்னிடம் கேட்ட முதல் நிஜமான கேள்வி அது.

"வலிச்சுதுக்கா" என்றேன்.

அக்கா எழுந்து வந்து என் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முதல் ஊசியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.